நான்காவது வாரத்தின் பசி

பதுளை பஜாரில் இத்ரூஸ் ஹாஜியாரின் கடைக்குப் போய்வந்தவர்களுக்கு அவருடைய மகள் ஸைனபைத் தெரிந்திருக்கும். கீழே தோட்டத்து ஆட்களுக்கு வேண்டிய கம்பளி, மழைக்குப் போர்க்கும் படங்கு, ரப்பர் சப்பாத்து எல்லாம் விற்றார்கள். மரப்படி ஏறினால் மேல்மாடியில் அவளுடைய அண்ணன் ஸாஹிர் நானாவின் கொமினிகேஷன். அங்கே இரண்டு டெலிபோன்கள், ஒரு போட்டோகொப்பி மெஷின், இன்டர்நெட் இணைத்த இரண்டு கொம்பியூட்டர்கள். மேசைக்குப் பின்னால் ஸைனப் உட்கார்ந்திருப்பாள். புதிதாக வருகிறவர்கள் அவளைப் பார்த்து, "மகள், கடையில பெரிய ஆக்கள் இல்லையா?" என்று கேட்பார்கள். அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. உடம்பு மட்டும் பன்னிரண்டு வயதோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டிருந்தது.

பிறந்து சில மாதங்களிலேயே அவள் வெளிறிப்போனாள். அவளுடைய உடம்புக்குச் சரியான ரத்தம் ஊறத் தெரியவில்லை. தலசீமியா என்று அந்த வியாதிக்குப் பெயர். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை பதுளை ஆஸ்பத்திரியில், யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டுதான் அவள் வளர்ந்தாள். அப்படி ஏற்றிய ரத்தத்தோடு உள்ளே சேரும் இரும்பு இருதயத்தில் படிந்துவிடாமல் இருக்க, வயிற்றில் ஊசி குத்தி, சின்ன பம்ப் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். வீட்டில் இதையெல்லாம் 'ஸைனப்ட சுகமில்லாத்தனம்' என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலால் ஆனது என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். ஸைனபுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

வார்டில் அவளோடு கூடவே ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். கடைசியாகப் போனவள் தயானி. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து விடிய முன் புறப்படும் பஸ்ஸில் தகப்பனோடு வருவாள். "அக்கா, நீங்க எத்தன வருசமா வாறீங்க?" என்று கேட்பாள். ஸைனப் சொன்னதும், "அப்ப எனக்கும் இன்னும் நெறய நாள் கெடக்கு" என்று சிரிப்பாள். எத்தனை தரம் கேட்டாலும் அதே கேள்வி, அதே சிரிப்பு. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு முடியும் நேரத்தில் இருதயம் நின்று தயானி இறந்துபோனாள். பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு அந்த வார்டில் ஸைனபின் வயதுக்குக் கிட்ட வரக்கூட யாரும் இல்லை. சின்னதுகள் அவளைப் பார்த்துத் தைரியம் கொண்டன. அவள் பார்த்துத் தைரியம் கொள்ள யாரும் இல்லை.

வீட்டிலும் யாரும் அவளிடம் வருங்காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. உம்மாவும் மாமியும் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என்ன செய்வது, அடுத்த வருஷம் வீட்டுக்கு ஓடு மாற்றுவதா என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் உள்ளே வந்ததும் பேச்சு அன்றைய கறிக்கு மாறிவிடும். அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அது ஒவ்வொரு தரமும் வலித்தது.

அந்த நாட்களில்தான் அவள் 'லாங் வெஸ்பர்' என்ற பெயரை முதலில் கண்டாள். இங்கிலாந்தில் ஒரு சின்னக் கம்பெனி செய்துகொண்டிருந்த கொம்பியூட்டர் விளையாட்டு. அந்தி முடியாமல் நீண்டுகொண்டே போகும் ஒரு நகரம். அங்கே மனிதருக்கு நடுவில் மறைந்து வாழும் ரத்தக்காட்டேறிகளின் ஐந்து குடும்பங்கள். விளையாடுகிறவர் அந்தக் குடும்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த நகரத்தில் தனக்கொரு வாழ்க்கையை நடத்திப் பார்க்க வேண்டும். ஒரு சண்டியனாகவும் இருக்கலாம், ஒரு நல்ல மனிதனாகவும் இருக்கலாம். விளையாட்டு இன்னும் வெளிவரவில்லை. அடுத்த வருஷக் கடைசியில் வரும் என்று போட்டிருந்தது. அந்த வரியைத்தான் ஸைனப் திரும்பத் திரும்பப் படித்தாள். அடுத்த வருஷம் என்பதைத் தயங்காமல் அவளிடம் சொன்ன முதல் ஆள் அந்தக் கம்பெனிதான்.

அந்த விளையாட்டுக்காகக் காத்திருப்பவர்களுக்கென்று ஒரு ஃபோரம் இருந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து சில நூறு பேர் அங்கே கூடினார்கள். கம்பெனி ஒரு புதுப் படத்தை வெளியிட்டால் போதும், அதைப் பிய்த்துப் பிய்த்துப் பார்ப்பார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது, ஜன்னலில் நிற்கும் பெண் எந்தக் குடும்பத்தவள் என்று நாள்கணக்கில் வாதாடுவார்கள். போலந்துக்காரர் ஒருவர் வெளிவந்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நகரத்துக்கு ஒரு வரைபடமே போட்டார். யாரும் இன்னும் ஒரு தெருவில்கூட நடந்திராத ஊர். ஆனால் எந்தத் தெரு எங்கே போய் முட்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஸைனப் அங்கே தன் மாகாணத்தின் பெயரையே வைத்து 'ஊவா' என்று எழுதினாள். ஓ-லெவலோடு படிப்பை விட்டவள்தான், ஆனாலும் வார்டில் படுத்துக் கிடந்த நாட்களில் கைக்குக் கிடைத்த இங்கிலிஷ் புத்தகத்தையெல்லாம் வாசித்து வாசித்து நன்றாகவே எழுத வந்திருந்தது. புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்வது அவள்தான். 'ஊவாவைக் கேள், அவருக்குத் தெரியும்' என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. அவளை எல்லோரும் ஒரு நடுத்தர வயது ஆண் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் திருத்தவில்லை. அங்கே யாரும் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் பேசவில்லை. பிடிக்காததை எழுதினால் நேராகச் சண்டைக்கு வந்தார்கள். அது அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லி முடியாது.

ஐந்து குடும்பங்களில் 'வெளிறியவர்கள்' என்று ஒன்று இருந்தது. மற்றவர்களைப் போல ரத்தம் அவர்களிடம் தங்காது. குடித்தது சீக்கிரம் தீர்ந்துவிடும். ஓட ஏலாது, அடிபட ஏலாது. ஃபோரத்தில் பாதிப் பேர், அந்தக் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து யார் விளையாடப் போகிறார்கள், அதை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று எழுதினார்கள். ஸைனப் தனி ஆளாக நின்று அவர்களுக்காக வாதாடினாள். பலமில்லாதவன் ஒரு நகரத்தைப் பார்க்கும் விதம் வேறு, அதையும் ஒருவர் விளையாடிப் பார்க்க வேண்டும் என்று எழுதினாள்.

ஒருநாள் கம்பெனிக்காரர்களே வந்து ஃபோரத்தில் ஒரு கேள்வி போட்டார்கள். ரத்தப்பசி என்பது எப்படி இருக்கும் என்று உங்கள் கற்பனையில் எழுதுங்கள், நல்லதை விளையாட்டில் சேர்ப்போம். எல்லோரும் எழுதினார்கள். நெருப்பு, மிருகம், சிவப்பாக மாறும் கண்கள். ஸைனப் ஒரு மத்தியானம் முழுவதும் யோசித்து இப்படி எழுதினாள்:

'முதல் வாரம் பசியை மறந்திருப்பீர்கள். இரண்டாம் வாரம் அது பக்கத்து அறையில் இருக்கும். மூன்றாம் வாரம் படிக்கட்டுகள் நீண்டுவிடும். நான்காம் வாரம் உங்களோடு பேசுகிறவர்களின் குரல் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும். சிரிப்பதற்குக்கூட யோசிப்பீர்கள். எதிரே வருகிறவனுடைய கழுத்து நரம்பைப் பார்த்துப் பொறாமை வரும். அவனைக் கொல்ல வேண்டும் என்றல்ல. தன்னிடம் என்ன ஓடுகிறது என்பதே தெரியாமல் இவ்வளவு வேகமாக நடக்கிறானே என்று.'

பாராட்டு வந்து குவிந்தது. ஊவா ஒரு எழுத்தாளராகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் நடுவே, 'கரோப்' என்ற பெயரில் எழுதும் ஒருவரிடமிருந்து அவளுக்கு மட்டும் ஒரு வரி வந்தது.

'நீங்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள்?'

ஸைனபுக்கு யாரோ கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்ட மாதிரி இருந்தது. கொம்பியூட்டரை மூடிவிட்டுக் கீழே போய், வாப்பாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மறுபடி ஏறி வந்து பதில் எழுதினாள். 'பதுளை. இலங்கை.'

கரோபின் உண்மையான பெயர் ஆந்திரேயாஸ். சைப்ரஸ் தீவில் ஒரு துறைமுகப் பட்டணத்தில் இருந்தார். அவருக்கும் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமைகளில் ரத்தம் ஏற்றுகிறார். வயது முப்பத்தாறு. ஒரு பாங்கில் வேலை. கல்யாணம் முடித்து ஒரு மகள்.

முப்பத்தாறு என்பதை ஸைனப் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று திருப்பிக் கேட்டாள். 'பிழையில்லை. என் வார்டில் நாற்பது தாண்டியவர்களும் இருக்கிறார்கள். பம்பை ஒருநாளும் தவற விடாதீர்கள்' என்று எழுதினார். அன்று அவள் தொழுத பிறகும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. உம்மா வந்து, "என்ன புள்ள, ஏலாம ஈக்கா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகு இருவரும் நிறைய எழுதிக்கொண்டார்கள். பாதி விளையாட்டைப் பற்றி. பாதி இரும்பு, இருதயம், ஊசி குத்திய இடத்தில் வரும் வீக்கம். ஒருமுறை ஆந்திரேயாஸ், சாதாரணமாக ஒன்றைச் சொல்வது போல, தன் கல்யாணத்துக்கு முன் மனைவியின் ரத்தத்தைப் பரிசோதித்த கதையை எழுதினார். 'இங்கே அந்தச் சோதனை இல்லாமல் யாரும் கல்யாணம் முடிப்பதில்லை. தாய் தகப்பன் இரண்டு பேரிடமும் மறைந்திருந்தால்தானே நம்மைப் போலப் பிள்ளை பிறக்கும்.'

அந்த வசனத்தைப் படித்ததும் ஸைனபுக்குக் காய்ச்சல் கதை முடிந்துபோயிற்று. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஸாஹிர் நானாவுக்குப் பெண் பேசி வைத்திருந்தது பண்டாரவளையில், உம்மாவின் கூடப்பிறந்த காக்கா அஸீஸ் மாமாவின் மகள் காமிலாவை. காமிலா ஸைனபுக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். லீவுக்கு வந்தால் இருவரும் ஒரே கட்டிலில்தான் படுப்பார்கள். பம்பின் ஊசியைக் குத்த உம்மாவுக்கு அடுத்தபடியாக யாரையாவது ஸைனப் விடுவாளென்றால் அது காமிலாவை மட்டும்தான்.

அடுத்த முறை ரத்தம் ஏற்றப் போனபோது சுலோஜனா மிஸ்ஸிடம் கேட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல வருஷமாக அந்த வார்டில் இருக்கும் நேர்ஸ். அவர் கை வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "உண்மைதான் பிள்ளை. உம்மட அண்ணாவிட்டயும் மறைஞ்சு இருக்கக்கூடும். சொந்தத்துக்குள்ள முடிக்கிறதெண்டால் கட்டாயம் பாக்கவேணும். ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாரும்."

ஸாஹிர் போட்டோகொப்பி மெஷினுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தபோது அவள் பேச்சை எடுத்தாள்.

"நானா, நிக்காஹ்வுக்கு முந்தி நீங்களும் காமிலாவும் ஒருக்கா ரத்தம் பாத்துக்கொண்டா என்ன?"

"எனக்கு என்னத்துக்கு? நான் நல்லாத்தானே ஈக்கிறன்."

"உம்மாவும் வாப்பாவும் நல்லாத்தானே ஈக்கிறாங்க."

ஸாஹிர் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். மெதுவாக அவன் முகம் மாறியது. "யாரு ஒனக்கு இதெல்லாம் சொன்ன?"

"ஃபோரத்துல ஒருத்தர்."

"அந்தப் பேய் வெளாட்டுக்காரனா?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

காமிலா ஒரு வார்த்தைகூட எதிர்த்துக் கேட்கவில்லை. "நீ சொன்னா வாறன். உம்மாக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றாள். துணி எடுக்கப் பதுளைக்கு வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊசி குத்தும்போது ஸாஹிர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காமிலா அவனைக் கேலி செய்தாள். திரும்பும் வழியில் மூவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

கொழும்புக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு வரச் சில வாரங்கள் பிடித்தன. சுலோஜனா மிஸ் அவர்களைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். இருவரிடமும் இருந்தது. "உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளை உண்டாகேக்கையும் நாலில ஒரு பங்கு பயம் இருக்கு. யோசிச்சு முடிவெடுங்கோ. நான் முடிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

முடிவை எடுக்க வீட்டார் அவர்களை விடவில்லை. காமிலா வீட்டில் உண்மையைச் சொன்ன அன்றே அஸீஸ் மாமா பதுளைக்கு வந்து இறங்கினார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வியாதியை மறைத்துத் தன் மகளைக் கேட்டார்களே என்று கத்தினார். வியாதி பாதி தன் குடும்பத்திலிருந்தும்தான் வந்தது என்பது அவருடைய காதில் ஏறவில்லை. உம்மா தன் கூடப்பிறந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் உதறிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு இத்ரூஸ் ஹாஜியார் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "டொக்டர் எனக்கு அப்பவே சொன்ன," என்றார், யாரையும் பார்க்காமல். "இவ கைக்குழந்தையா ஈக்கக்குள்ளயே சொன்ன. வெளில தெரிஞ்சா ஸாஹிருக்கு யாரு பொண்ணு தருவாங்கண்டு நான்தான் மூடி வெச்ச."

ஸாஹிர் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்துக் காமிலா தனியாக வந்தாள். மேல்மாடியில் அப்போது வேறு யாரும் இல்லை. வந்தவள் உட்காரவில்லை.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம் ஸைனப்."

"சொல்லாம எப்படி இருக்கிற?"

"ஒன்னப் போல ஒரு புள்ள பொறந்தா என்ன? நான் பாத்துக்கொள்ள மாட்டனா? ஒன்ன நான் பாத்துக்கொள்ளலயா?"

"நீ என்ன மட்டும்தான் பாத்திருக்கிற. வார்டுல மத்த புள்ளைகள பாக்கல்ல. தயானிட வாப்பா அவளத் தூக்கிக்கொண்டு படியெறங்கின நீ பாக்கல்ல."

காமிலா ஒரு அடி முன்னால் வந்தாள். "அப்ப நீயும் பொறக்காம இருந்திருந்தா நல்லம்ண்டா சொல்ற?"

கீழே வாப்பா யாருக்கோ படங்கு அளந்து கிழிக்கும் சத்தம் கேட்டது. காமிலா சிறிது நேரம் பதிலுக்குக் காத்து நின்றுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதே நாட்களில் ஃபோரத்திலும் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. வெளியீட்டைத் தள்ளிப்போட்டிருந்த கம்பெனி, வேலையைக் குறைக்க ஒரு குடும்பத்தை எடுத்துவிடப் போவதாகவும், அது வெளிறியவர்களாக இருக்கலாம் என்றும் அறிவித்திருந்தது. ஊவா எங்கே, ஊவா வந்து பேசட்டும் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸைனப் எல்லாவற்றையும் படித்தாள். ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. வெளிறியவர்களுக்காகப் பேச இனித் தனக்கு வாய் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆந்திரேயாஸுக்கு மட்டும் எழுதினாள். நடந்ததைச் சொல்லி, 'உங்களைத் தெரிந்திராமல் இருந்தால் என் வீடு நன்றாக இருந்திருக்கும்' என்று முடித்தாள். அவர் கோபிக்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. காமிலாவின் கேள்விக்கு மட்டும் பதில் எழுதியிருந்தார். 'பிறக்க வேண்டுமா என்ற கேள்வியை இன்னும் வராதவரைப் பற்றித்தான் கேட்கலாம். நீங்கள் வந்துவிட்டீர்கள் ஊவா. உங்களைப் பற்றி அதைக் கேட்க உங்களுக்கே உரிமை கிடையாது.' அவள் அதைப் பலமுறை படித்தாள். அது சரியென்று பட்டது. ஆனால் காமிலா நின்ற இடம் காலியாகவே இருந்தது.

ஸாஹிர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வைவதுமில்லை, முறைப்பதுமில்லை. "சில்லறை இருக்கா", "ஃபெக்ஸ் வந்ததா" என்பதோடு சரி. வீட்டில் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அவன் கண்ணை நிமிர்த்தாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான். அந்த வருஷம் அப்படியே போய் அடுத்த வருஷம் பிறந்தது. காமிலாவுக்கு வெலிமடையில் மரக்கறி வியாபாரம் செய்யும் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளையின் ரத்தத்தைப் பார்க்காமல் கல்யாணத்துக்குச் சம்மதிக்க மாட்டேன் என்று காமிலா ஒற்றைக் காலில் நின்றாளாம். பெண் வீட்டார் மானம் போகிறது என்று அடிக்கவும் போனார்களாம். மாப்பிள்ளை தானாகவே போய்ப் பார்த்துக்கொண்டு வந்தான் என்று உம்மா யாரோ சொல்லக் கேட்டு வந்து சொன்னார். கல்யாணத்துக்கு இவர்களுக்கு அழைப்பு வரவில்லை. ஸாஹிர் அன்று முழுவதும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

ஸைனப் மெல்ல மெல்ல ஃபோரத்துக்குத் திரும்பியிருந்தாள். வெளிறியவர்களை எடுக்கவில்லை என்று கம்பெனி சொன்னது. விளையாட்டு அடுத்த மாரிகாலத்துக்குத் தள்ளிப்போயிற்று. பிறகு 'தயாரானதும்' என்று மட்டும் சொன்னார்கள். பலர் கோபித்துக்கொண்டு போனார்கள். நின்றவர்கள் இன்னும் நெருங்கிக்கொண்டார்கள். பிறகு ஒரு ஓகஸ்ட் மாதத்துக் காலையில் நான்கு வரிகளில் எல்லாம் முடிந்தது. கம்பெனி பணமில்லாமல் மூடப்படுகிறது. 'லாங் வெஸ்பர்' வெளிவராது. ஃபோரமும் இரண்டு வாரத்தில் அணைக்கப்படும். கடைசி நாளில் எல்லோரும் ஒன்றாக இருந்து விடைபெறுவோம் என்று முடிவு செய்தார்கள். இங்கிலாந்தில் அது மத்தியானம். பதுளையில் பின்னேரம்.

அந்த நாள் ஸைனபின் ரத்த நாளாக இருந்தது. காலையில் போனால் எல்லாம் ஏறி முடிந்து வீட்டுக்கு வர இருட்டிவிடும். ஏற்கனவே நான்கு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் நாளை மாற்றியிருக்கிறார்கள் என்று உம்மாவிடம் ஒரு பொய் சொல்லிவிட்டு மேலே போய் உட்கார்ந்தாள்.

ஃபோரம் நிறைந்திருந்தது. விட்டுப் போனவர்களும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் எந்தக் குடும்பமாக விளையாட இருந்தோம், முதலில் எந்தத் தெருவுக்குப் போயிருப்போம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். போலந்துக்காரர் தன் வரைபடத்தைக் கடைசியாக ஒருமுறை போட்டார். சிலர் தங்கள் உண்மையான பெயரைச் சொன்னார்கள். ஸைனபும் சொன்னாள். தான் ஒரு பெண் என்றும், அந்த நான்காவது வாரம் கற்பனையில்லை என்றும் எழுதினாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, 'ஸைனப்', 'ஸைனப்' என்று அவளுடைய பெயரை மட்டும் எழுதத் தொடங்கினார்கள்.

கீழே டெலிபோன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் மாடிப்படி அதிர ஸாஹிர் ஏறி வந்தான்.

"ஆஸ்பத்திரிலருந்து மிஸ் பேசின. ஏன் நீ இன்டைக்குப் போகல்ல?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்குப் போறன் நானா."

"ஒரு கேமுக்காக ரத்தத்தத் தள்ளிப் போட்டியா? கண்ணாடில ஒன்ட மொகத்தப் பாத்தியா? செத்துக்கித்துப் போனா நாங்க என்ன செய்யிற?" அவன் குரல் உடைந்தது. இத்தனை மாதத்தில் அவன் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"கேமுக்காக இல்ல. அது வரப்போறதில்ல. இவங்க எல்லாரும் இன்னும் கொஞ்ச நேரத்துல போயிருவாங்க. அதுக்குள்ள…" மூச்சு முட்டி நிறுத்தினாள்.

ஸாஹிர் நின்றபடியே திரையைப் பார்த்தான். வரிசையாக அவளுடைய பெயர். பக்கத்துக் கொம்பியூட்டரின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். நிறைய நேரம் படித்தான். பிறகு கேட்டான்: "இதுல அந்த சைப்ரஸ்காரர் யாரு?"

அவள் காட்டினாள். கரோப், வருகிற செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வார்டில் இருப்பேன், அப்போது பதுளையை நினைத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தார்.

ஸாஹிர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். அவனுக்கு இங்கிலிஷ் சரளமில்லை. ஒரு விரலால் எழுதினான்: 'நான் அவளுடைய நானா.' அழித்துவிட்டு, 'அண்ணன்' என்பதற்கு உரிய இங்கிலிஷ் சொல்லைப் போட்டான். அங்கிருந்து உடனே பதில் வந்தது. 'ஸாஹிர். உங்களைப் பற்றித் தெரியும். நான் உங்களுக்கு ஒரு துயரத்தைக் கொடுத்தேன்.'

ஸாஹிரின் விரல் எழுத்துகளுக்கு மேலே நின்றது. ஸைனப் அவனைப் பார்க்கப் பயந்து ஜன்னலைப் பார்த்தாள். கடைசியில் அவன் எழுதினான். 'பரவாயில்லை. அவள் முப்பத்தாறு வரை இருக்க என்ன செய்ய வேண்டும்?'

ஆந்திரேயாஸ் வேகமாக எழுதினார். பம்ப், இருதயச் சோதனை, நாள் தள்ளிப் போடவே கூடாது என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார். ஸாஹிர் கையை நீட்டி ஒரு பழைய பில் தாளை எடுத்து அதன் பின்னால் குறித்துக்கொண்டான். ஒரு வசனத்தின் பாதியில் திரை அசையாமல் நின்றது. மறுபடி அழுத்தினார்கள். பக்கம் இல்லை என்று வந்தது. மறுபடியும் அதுதான்.

ஸைனப் அழுதாள். தயானிக்குக்கூட அப்படி அழுததில்லை. ஸாஹிர் அவளைத் தேற்றவில்லை. அழுது முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அவளைத் தூக்கி நிறுத்தி, கைத்தாங்கலாகப் படியிறக்கிக் கூட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் அவன்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். சுலோஜனா மிஸ் நன்றாக ஏசினார்; ஏச்சு முடியும் முன்பே நரம்பைத் தேடி ஊசியைக் குத்தினார். இத்தனை வருஷத்தில் ஸாஹிர் அந்த வார்டுக்குள் வந்ததே இல்லை. வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவான். இன்று ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்தான். அவளுடைய கைக்குள் இறங்கும் சிவப்பை முதலில் பார்க்க முடியாமலும் பிறகு பார்த்தபடியும் இருந்தான். சுற்றிலும் கட்டில்களில் கிடந்த பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

வெகுநேரம் கழித்து, "அந்த ஊர்ல என்ன நடக்கும்?" என்றான்.

"எந்த ஊர்ல?"

"ஒன்ட கேம்ல."

"அது வரவே இல்லயே நானா."

"வராட்டி என்ன. ஒனக்குத் தெரியும்தானே. சொல்லு, கேப்பம். முழுசும் ஏறி முடிய இன்னும் எவ்வளவோ நேரம் ஈக்கு."

ஸைனப் தலையணையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். ஆற்றுக்கு மேலே கட்டிய பாலத்திலிருந்து தொடங்குவதா, மணிக்கூட்டுக் கோபுரத்துத் தெருவிலிருந்து தொடங்குவதா என்று யோசித்தாள். பிறகு பாலத்திலிருந்தே தொடங்கினாள். ஸாஹிர் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டான்.